கிராணிக் கணக்கு எழுத எனக்குத் தெரியாது

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் நம்ம ஊர் பந்திங்கில் ஒரு வாட்ஸ்அப் குழு பாக்கியில்லாமல் சுற்றிவிட்டது, அதனால் முழுசாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கடலோரத்தைத் தூர்க்கும் திட்டத்துக்கு நான் எழுதிய ஆய்வறிக்கை பொய் என்று பேசினார்கள். மைக்கைப் பிடித்த அண்ணன் சொன்ன மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன். "நம்ம தோட்டத்துப் பிள்ளைதான், ஆனா டெவலப்பர் காச வாங்கிக்கிட்டு கிராணிக் கணக்கு எழுதுது" என்றாரே, அதை மட்டும் விட முடியவில்லை. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், அவர் எழுதும் பொய்க் கணக்கைத்தான் அப்படிச் சொல்வோம். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஒன்று. நான் எழுதுவது அனுமதிக் கடிதம் இல்லை. கடலோரத்தைத் தூர்க்கப் போகிறார்கள் என்றால், அங்கே இப்போது என்ன உயிர் இருக்கிறது, மண்ணைக் கொட்டினால் எது சாகும் என்று பார்த்து எழுதுவதுதான் என் வேலை. அனுமதிப்பதும் மறுப்பதும் சுற்றுச்சூழல் துறை. மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 34ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. அதன்கீழ் வந்த 2015 சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டம் என்றால் அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். வைத்தார்கள். குழுவில் நானே மூன்று தடவை செய்தி போட்டேன். ஒருத்தர்கூடத் திறந்து பார்க்கவில்லை. படிக்காத அறிக்கையைப் பொய் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

"வெறும் சேறுதானே, அதில் என்ன இருக்கப் போகுது" என்று ஒரு பெரியவர் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். ஐயா, மோரிப் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய் மீகோரெங் சாப்பிட்டு வருகிறோமே, தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் தெரிகிற அந்தச் சேறுதான். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை அங்கே வந்து இறங்கியபோது வண்டிகளை விழுங்கிய சேறு. படகிலிருந்து இரும்புத் தாடை மாதிரி ஒரு கருவியை இறக்கி அதை ஒரு கவ்வு அள்ளுவோம். அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் போட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றி அலசுவோம். கறுப்பெல்லாம் கரைந்து போனபின் மிஞ்சுவதைப் போத்தலில் போட்டு, ஃபார்மலினும் ரோஸ் சாயமும் ஊற்றி வைத்தால், மறுநாள் மூடியைத் திறக்கும்போது தலைமுடி தடிமனில் ரோஸ் நிறப் புழுக்கள், கடுகளவு சிப்பிகள், கால் மடங்கின குட்டி நண்டுகள். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து எண்ண வேண்டும். ஒரு போத்தலுக்குச் சில நாள் முழு நாளும் போய்விடும். நாம் வாங்கும் கெராங் சிப்பி அந்தச் சேற்றில்தான் வளர்கிறது. அக்டோபருக்குமேல் வடக்கே சைபீரியாவிலிருந்து வரும் பறவைகளும் அந்தச் சேற்றில் இருப்பதைத் தின்றுதான் பிழைக்கின்றன. கேரித் தீவில் செம்பனை நிற்கிற நிலம் கடல்நீரைத் தடுக்கிற வரம்புக்கு உள்ளே இருக்கிறது, வரம்புக்கு வெளியே பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு அலையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த மரத்துக்கும் சேறுதான் வேர்.

சரி, காசு விஷயம். ஆமாம், சம்பளம் டெவலப்பர் பணம்தான். சட்டத்தில் ஏற்பாடே அப்படித்தான், திட்டம் போடுகிறவர்தான் ஆய்வுக்கும் செலவு செய்ய வேண்டும். அது சரியில்லை என்று நானும் நினைக்கிறேன், பணம் துறை வழியாக வந்தால் நல்லது. ஆனால் காசு வாங்கினால் பொய் எழுதுவாள் என்றால், மண்டபத்தில் இருந்தவர்களில் சம்பளம் வாங்காதவர் யார்? சில வருடங்களுக்குமுன் வேறொரு வேலையில் "பெரும் பாதிப்பு" என்று நான் எழுதியதைச் "சிறு பாதிப்பு" என்று மாற்றச் சொன்னார்கள். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். ஆறு மாதம் வேலை இல்லை. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குத் தங்கச்சியிடம் கடன் வாங்கினேன். மைக்கில் சொல்கிற விஷயமா அது? சொல்லாமல் இருந்தேன்.

கிராணிக் கணக்கு என்ற வார்த்தையைத் தோட்டத்தில் பிறந்த யாரும் லேசாகச் சொல்ல மாட்டார்கள். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. வாளியைச் சுமந்து வந்து நிறுவைக்கு வரிசையில் நிற்பார். பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியைக் கிராணி மிதக்கவிட்டுப் பார்த்து, தண்ணி கலந்திருக்கு என்று குறைத்து எழுதினால் அதுதான் கணக்கு, எதிர்த்துப் பேச முடியாது. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது, எண் மட்டும் தெரியும். என் பழைய பள்ளி நோட்டில் தினமும் தன் நிறுவையைத் தானே பென்சிலால் எழுதி வைப்பார். சம்பளத்தன்று இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நோட்டை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடுவார். அவர் மகளைப் பார்த்தா அந்தச் சொல்?

இரண்டு தடவை போய் அள்ளிய சேறு வருடம் முழுக்கச் சொல்லாது என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பறவை வரும் மாதங்களிலும் பார்க்க வேண்டும் என்று நானே அறிக்கையில் எழுதியிருக்கிறேன். பக்கம் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கெராங் பகுதி தூர்ந்தால் திரும்ப வராது என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது, என் பெயரோடு.

நம்ம தோட்டத்தை விற்று வீடு கட்டினார்களே, அப்போது யார் வந்து எண்ணினார்கள்? லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடையில் நாங்கள் துண்டு விரித்து மீன் பிடிப்போம், கெளுத்தி வரும், விரால் வரும், மழை விட்டால் பெயர் தெரியாத ஒரு சிவப்பு வால் குஞ்சும் வரும். ஒரே வாரத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மூடினார்கள். என்ன மீன், எத்தனை, எந்தத் தாளிலும் இல்லை. அப்பா கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு இதே அண்ணனும் பக்கத்தில்தான் நின்றார், அழுதார்கூட, நான் பார்த்தேன்.

அறிக்கை என் மேசைமேல் இருக்கிறது. ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன், அண்ணன் வரட்டும், சேர்ந்து படிக்கலாம்.