பாஸ்போர்ட்தான் புதுசு, ஆள் பழசுதான்யா!

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவன் மனிதனே இல்லை என்று சீனாவின் குவாங்சோ நகரம் முடிவுகட்டிவிட்டது. பழைய எண் போய்ப் புது எண் வந்தது, அவ்வளவுதான். மூஞ்சி அதே மூஞ்சி. ஆனால் இன்று காலை தெருமுனையில் ஒரு சோயாபால் வாங்க வக்கில்லை. ஆவணம் காலாவதி என்று போனில் பணம் கட்டும் செயலி கையை விரிக்கிறது. நோட்டை நீட்டினால் கடைக்கார அம்மாவிடம் சில்லறை இல்லை. ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சீன மத்திய வங்கி விதியே வைத்திருக்கிறது. விதி இருந்து என்ன செய்ய, சில்லறை இல்லையே!

சரி என்று வங்கிக்குப் போனேன். பழைய பாஸ்போர்ட், புது பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி எல்லாவற்றையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். கவுன்ட்டர் பொண்ணு பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "குடும்பப் பெயர் எங்கே?" என்றாள். இல்லை தாயே. என் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன, மேல் கட்டம் காலி. அவள் கணினிக்குக் காலிக் கட்டம் ஆகாது. பக்கத்து கவுன்ட்டர்காரர் வந்தார். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். மூவரும் தலையை முட்டிக்கொண்டு என் பெயரை எழுத்தெழுத்தாக ஆராய்ந்து, கடைசியில் மர்மத்தை உடைத்தார்கள்: பழைய கணக்கில் பெயர் ஒட்டிக் கிடக்கிறது, இதில் நடுவே ஓர் இடைவெளி. ஆக, அவன் வேறு, நான் வேறு. அவன் பணத்தை நான் எப்படித் தொடலாம்?

கேமரா முன்னால் நிறுத்தினார்கள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன். வாயைத் திறக்கச் சொன்னது, திறந்தேன். தலையாட்டச் சொன்னது, பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினேன். பின்னால் வரிசையில் இருந்த குழந்தை கைதட்டிச் சிரித்தது. கணினி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "முதலில் செல்போன் எண்ணைப் புது பாஸ்போர்ட்டுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்."

செல்போன் கடையில் கேட்டால், இந்தக் கிளையில் ஆகாது, பெரிய கிளைக்குப் போ. பெரிய கிளையில், "உங்கள் எண்ணுக்குக் குறியீடு வரும், சொல்லுங்கள்." அந்த எண்ணைத்தான் நேற்றே நிறுத்திவிட்டீர்களே அம்மணி! அதற்கு அவள் சிரித்தபடி காகித டம்ளரில் வெந்நீர் கொடுத்தாள். வயிறு எரிகிறவனுக்கு வெந்நீர்.

இந்த ஊர்க்காரருக்கு 18 இலக்க அடையாள எண், பிறந்தது முதல் சுடுகாடு வரை மாறாது. வங்கி, போன், ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் அதைச் சுற்றித்தான் கட்டியிருக்கிறது. ரயில் நிலையத்தில் அவர்கள் அட்டையைத் தட்டிவிட்டுப் பறக்கிறார்கள், நான் பெட்டியோடு ஆள் இருக்கும் வழியைத் தேடி ஓடுகிறேன். எனக்குப் 10 வருடத்துக்கு ஒருமுறை மறுபிறவி. ஊரிலிருந்து போன் பண்ணி, "அங்கேயெல்லாம் போனிலேயே முடிச்சிடலாமாமே!" என்று வாயைப் பிளக்கிறார்கள். ஆமாம், முடித்துவிட்டார்கள்.

அப்புறம் இந்தக் கண்றாவிப் பருவம் வேறு. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து, குளிரில் கிடந்த சுவரெல்லாம் வியர்க்கிறது. தரையில் வழுக்காமல் நடக்க முடியவில்லை. போன வாரம் துவைத்த சட்டை கொடியிலேயே நாறுகிறது, தோல் செருப்பில் பூஞ்சை. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கித் தொலைக்கலாம் என்றால், இந்த மாதம் பார்த்து விலையை ஏற்றிவைத்திருக்கிறான் படுபாவி!