விடலைப் பையன்களும் மர்ம நாவல்களும்

விடலைப் பருவத்துப் பையன்களை வைத்து எழுதப்படும் மர்ம நாவல்களில் பெரும்பாலானவை, பையனின் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து அவனைக் குட்டிப் போலீஸ்காரனாக்கும் இடத்திலேயே தோற்றுவிடுகின்றன என்பது என் கருத்து. 12, 13 வயதுப் பையனுக்குப் பெரிய சிக்கல், கண்டதை யாரிடம் சொல்வது, சொன்னால் எந்தக் குடும்பம் கெடும், சொல்லாமல் எத்தனை நாள் சோறு இறங்கும் என்பதுதான்.

1876இல் வெளிவந்த மார்க் ட்வைனின் ‘டாம் சாயர்’ நாவலில், இடுகாட்டில் நடக்கும் கொலையை டாமும் ஹக்கும் நேரிலேயே பார்த்துவிடுகிறார்கள் என்பதால், கொலையாளி யார் என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை. வாய்திறக்க மாட்டோம் என்று ரத்தத்தால் கையொப்பமிட்டுச் சத்தியம் செய்துகொண்ட அந்த இருவரும், செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கும் மஃப் பாட்டருக்கு ஜன்னல் கம்பி வழியாகப் புகையிலை கொடுக்கிறார்கள். அவர் நன்றி சொல்லச் சொல்ல, கொடுத்தவர்கள் கூனிக் குறுகிப்போகிறார்கள். டாம் நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லும் புகழ்பெற்ற காட்சியைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஸ்டீபன் கிங்கின் ‘தி பாடி’ (1982) குறுநாவலிலும் துப்புத் துலக்க எதுவுமில்லை. காணாமல்போன சிறுவன் ரயிலில் அடிபட்டுக் கிடக்கிறான் என்பது தெரிந்தே நான்கு பையன்கள் தண்டவாளத்தின் வழியே அவனைப் பார்க்க நடந்து போகிறார்கள். அடிக்கிற அப்பாவைப் பற்றியும், அண்ணன் இறந்த பிறகு தன்னைக் கண்டுகொள்ளாத பெற்றோரைப் பற்றியும் அந்த வழிநடையில் வெளிப்படுவதுதான் கதை.

மும்பையில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது ஓர் உறுத்தல் ஏற்படுகிறது. இந்த நகரத்தின் புறநகர் ரயில் பாதைகளில் ஓராண்டில் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்த ஆண்டுகள் பல. சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே தண்டவாளத்தை ஒட்டி வளரும் பையன் பிணத்தைத் தேடி நடக்க வேண்டியதில்லை. பார்த்தும் பார்க்காதவன்போலப் பள்ளிக்குப் போகப் பழகியிருப்பான். ஆகவே கிங்கின் கதையைப் பெயர்த்துத் தாராவியில் நட்டால் அது வேர் பிடிக்காது.

தீபா அனப்பாராவின் ‘ஜின் பேட்ரோல் ஆன் தி பர்ப்பிள் லைன்’ (2020) இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அதன் நாயகன் ஜெய்க்கு ஒன்பது வயதுதான். தொலைக்காட்சியில் போலீஸ் தொடர் பார்த்துத் தன்னைத் துப்பறிவாளனாகக் கற்பித்துக்கொள்ளும் அவனுடைய குடிசைப் பகுதியில் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல்போகிறார்கள். போலீஸோ அக்கறை காட்டுவதில்லை. விளையாட்டாகத் தொடங்கிய துப்பறிதல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைச் சொல்லி, இனி வாசிக்கப்போகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள மாட்டேன். 2021இல் மர்மக் கதைகளுக்கான எட்கர் விருது பெற்ற இந்த நாவல், குட்டிப் போலீஸ்காரன் என்ற கற்பனையையே உடைத்துப் போடுகிறது.

தமிழில் துப்பறிதல் நெடுங்காலமாகப் பெரியவர்களின் தொழிலாகவே இருந்துவந்திருக்கிறது. தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ் - வசந்தும் நமக்குப் பழக்கமானவர்கள். நான் சொல்லும் வகைக்கு நெருக்கமான தமிழ் நாவலைக் கேட்டால், மர்ம நாவலே அல்லாத ஒன்றைத்தான் காட்டுவேன்: அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977). ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைக்கப்பட்ட காலத்தில், வேற்றுமொழி நகரத்தில் வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன், கலவரத்தின் நடுவே கடைசிப் பக்கங்களில் காண நேர்வதை வீட்டில் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

அந்த நாவலின் பிள்ளைகள் மும்பையில் எழுதப்படக் காத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் வளரும் பையனுக்கு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, போலீஸ் சௌக்கியில் மராத்தி. அப்பாவுக்கு மராத்தி வராது என்றால், ஹவால்தார் கேட்பதை அப்பாவுக்கும் அப்பா சொல்வதை ஹவால்தாருக்கும் சொல்ல வேண்டியவன் அவன்தான். சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பஞ்சநாமாவில் இருப்பது வீட்டிலேயே அவன் ஒருவனுக்குத்தான் புரியும். பெரியவர்களைவிடப் பையனுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்ற இவ்வகை நாவலின் அடிப்படைத் தேவையை, கதாசிரியர் வலிந்து உருவாக்காமலே நகரம் கொடுத்துவிடுகிறது. அப்பாவைக் காப்பாற்றவோ, அப்பாவின்மீது இருக்கும் கோபத்தாலோ, அவன் ஒரே ஒரு பதிலை மாற்றிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் எந்தப் பூதக்கண்ணாடியும் தேவைப்படாது.

இதை எழுத முன்வருபவரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தப் பையன் வளர்ந்து, நவி மும்பையில் ஃப்ளாட் வாங்கி, பால்கனியில் நின்று அந்த நாட்களை நினைத்துப் பெருமூச்சு விடும் கடைசி அத்தியாயத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். கிங்கே அதில் கொஞ்சம் சறுக்கியிருக்கிறார்.