விமானப்படை விமானிப் பயிற்சி: வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு பதிவு

"எங்க பையனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது சார், கண்டிப்பா ஃபைட்டர் பைலட் ஆயிடுவான்." ஏர்ஃபோர்ஸ் தேர்வு அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும் இப்படிச் சொல்லும் பெற்றோரைப் பார்க்கலாம். பிள்ளைமேல் உள்ள பாசத்தில் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் பயிற்சியில் தேறுவதும் தவறுவதும் வேறு ஒன்றைப் பொறுத்தது. நாலைந்து வேலை ஒரே நேரத்தில் வந்து மோதும்போது கண் எதை முதலில் பார்க்கிறது, மனம் எதைத் தள்ளிவைக்கிறது? இது பிறவிக் குணமில்லை, பழக்கம். தரையில் பழகாதது வானத்தில் வராது. இதை விவரமாகச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான பதிவு.

ஐதராபாத்துக்குப் பக்கத்தில் துண்டிகல் விமானப்படை அகாடமி. முதல் கட்டப் பயிற்சி அங்கேதான். நாள் விடியுமுன்னே தொடங்கிவிடும். காரணம் ராணுவக் கண்டிப்பு மட்டுமில்லை. துண்டிகல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 அடி உயரம். ஏப்ரல், மே மதியத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். காற்று சூடானால் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கல் குறையும், ப்ரொப்பெல்லருக்குப் பிடிமானம் குறையும், என்ஜின் சக்தியும் இறங்கும். டேக் ஆஃப் ஓட்டம் நீளும். இதைவிடப் பெரிய தொல்லை, தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். உயரத்தை ஒரே அளவில் வைக்கக் கற்கும் புதியவருக்கு, 100 அடி ஏறியது தன் கையாலா காற்றாலா என்று புரியாது. அதனால்தான் ஆரம்பப் பாடங்களுக்குக் காலை நேரம் தங்கம்.

முதலில் மெட் ப்ரீஃபிங், அதாவது வானிலை விளக்கம்: காற்றின் திசை, பார்வைத் தூரம், மேக அடித்தளம், பறவை நடமாட்டம். பிறகு அவசரநிலைக் கேள்வி. "டேக் ஆஃப் ஆகி 400 அடியில் என்ஜின் நின்றால் என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். எழுந்து நின்று படிகளை வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். தடுமாறினால் அன்றைய சார்ட்டி, அதாவது ஒருமுறை பறந்து வரும் வாய்ப்பு, கைநழுவக்கூடும். நாளின் ஒரு பாதி பறத்தல். மறுபாதி ஏரோடைனமிக்ஸ், வானிலை, நேவிகேஷன், என்ஜின், விமான மருத்துவம் என்று வகுப்புகள். மாலையில் விளையாட்டு, இரவில் மறுநாள் பாடம். நாலு மணிக்கு எழ வேண்டியவர் ஒன்பதரைக்குள் படுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் பண்ணிக் குடும்பச் சண்டையைச் சொல்லாதீர்கள். தூக்கம் கெட்டால் முதலில் போவது இந்தக் கவனப் பங்கீடுதான். கை கால் நன்றாகவே வேலை செய்யும். வேகமானியைப் பார்க்க மட்டும் மறந்துவிடும்.

பயிற்சி விமானம் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2. 2012-ல் 75 விமானங்களுக்கு ஒப்பந்தம், 2013-லிருந்து பயன்பாட்டில். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. மாணவர் முன்னால், பயிற்றுநர் பின்னால். அதற்கு முன் இருந்த எச்பிடி-32, என்ஜின் நின்றுபோகும் கோளாறுகளும் விபத்துகளும் தொடர்ந்ததால் 2009-ல் நிறுத்தப்பட்டது. பிலாட்டஸ் வரும்வரை புதியவர்கள் கிரண் ஜெட்டிலேயே தொடங்க வேண்டியிருந்தது. சைக்கிள் பழகாதவரை நேராகப் புல்லட்டில் ஏற்றியது போல. ரஃபேல் வாங்கினால் பக்கம் பக்கமாக எழுதும் நம் ஊடகங்கள் அடிப்படைப் பயிற்சி விமானம் பற்றி நாலு வரிகூட எழுதுவதில்லை. அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் தயாரித்த அடிப்படைப் பயிற்சி விமானம் எச்டிடி-40 முதன்முதலில் பறந்தது 2016-ல். 70 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது 2023-ல். ஏழு ஆண்டு! ஒரு நாட்டின் விமானப்படை எப்படி இருக்கும் என்று பார்க்க, அதன் பயிற்சி விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி தரையில் பழகுவதற்கு, அதாவது நாற்காலிக்கு, வருவோம். சேர் ஃப்ளையிங் என்பார்கள். சுவரில் காக்பிட் படம், எதிரே நாற்காலி, கையில் ஸ்டிக்குக்கு (விமானத்தை இயக்கும் கோல்) பதில் ஒரு கட்டை. மறுநாள் சார்ட்டியை ஸ்டார்ட் அப்பிலிருந்து ஸ்விட்ச் ஆஃப் வரை உட்கார்ந்தே பறந்து பார்ப்பது. பெரும்பாலோர் செய்யும் தவறு, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வாயால் மட்டும் ஓட்டுவது. அது போதாது. ஒவ்வொரு கணமும் கை எங்கே, கால் எங்கே, கண் எங்கே, வாய் என்ன சொல்கிறது என்று நான்கும் சேர்ந்து நடக்க வேண்டும். டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதி) திரும்பியதும் செக், அதாவது இறங்குமுன் செய்யும் சரிபார்ப்பு, தொடங்குவார்கள். செக் முடிவதற்குள் ரேடியோவில் கூப்பிடுவார்கள். பதில் சொல்வதற்குள் பேஸுக்கு (ரன்வேக்கு நேராக வருமுன் உள்ள குறுக்குப் பகுதி) திரும்பும் இடம் வந்துவிடும். ஆகவே கைக்கடிகாரம் வைத்து உண்மையான நேரத்தில் ஓட்ட வேண்டும். நாற்காலியில் ஒரு சர்க்யூட்டை (கிளம்பி, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் ஒரு சுற்று) இரண்டே நிமிடத்தில் முடிப்பவர் எதையோ விட்டிருக்கிறார் என்று பொருள். இன்னும் நல்ல வழி, அறைத்தோழரை நடுவில் குறுக்கிடச் சொல்வது: "ரன்வே மாறிவிட்டது", "ஆயில் பிரஷர் எச்சரிக்கை". குறுக்கீட்டைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்துக்குச் சரியாகத் திரும்பி வருகிறாரா? நாற்காலியில் சோதிக்க வேண்டியது அதைத்தான்.

விமானத்தில் ஏறியதும் முதலில் தூங்குவது கால். பைக், கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு வாலில் உள்ள சுக்கானைக் காலால் திருப்பும் ரடர் பெடல் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். பவர் லீவரை முன்னே தள்ளியதும் ப்ரொப்பெல்லர் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது கால் தானாக அழுத்த வேண்டும். அடுத்தது இறுக்கிப் பிடிக்கும் கை. ஸ்டிக்கை இறுகப் பிடித்தால் காற்று என்ன சொல்கிறது என்று விரலுக்குத் தெரியாது. இரண்டு விரல், கட்டைவிரல் போதும். மூக்கின் நிலையை வை, பவரை வை, பிறகு ட்ரிம் பண்ணு, அதாவது ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லாதபடி சரிசெய். ட்ரிம் சரியாக இருந்தால் கையை எடுத்தாலும் விமானம் அப்படியே போகும். மிச்சமாகும் கவனம் வெளியே பார்க்க உதவும்.

வெளியே பார்ப்பது என்பதும் கற்க வேண்டிய வித்தைதான். கண் நகர்ந்துகொண்டே இருக்கும்போது தெளிவாக எதுவும் பதியாது, நின்றால்தான் பதியும். வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் மணிக்கணக்கில் விளையாடியவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். திரையில் பக்கவாட்டுக் காட்சி கிடையாதல்லவா, அதனால் கண் டயல்களிலேயே ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. பயிற்றுநர் டயல்களை மறைத்துவிட்டு, தொடுவானத்துக்கு மூக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஓட்டச் சொல்வார்.

இறங்குவதில் கொஞ்சம் கணக்கு. மூன்று டிகிரி சரிவில் இறங்க, தரைவேகத்தை ஐந்தால் பெருக்கு: 100 நாட் (மணிக்கு 100 கடல்மைல்) என்றால் நிமிடத்துக்கு 500 அடி இறங்க வேண்டும். இது மனக்கணக்கில் ஒரு நொடியில் வர வேண்டும். பேப்பரில் போட நேரமில்லை. ரன்வேயை நெருங்கியதும் பார்வையை ரன்வேயின் கோடிக்கு மாற்ற வேண்டும். மூக்குக்கு நேர் கீழே பார்த்தால் தரை ஓடிவருவது போலத் தோன்றி, உயரத்திலேயே ஸ்டிக்கை இழுத்துவிடுவார்கள். விமானம் மிதந்து, வேகம் இழந்து, தொப்பென்று விழும். விழுந்து துள்ளினால் ஸ்டிக்கை முன்னே தள்ளுவதுதான் மிக மோசமான தவறு, முன்சக்கரம் முதலில் மோதும். சந்தேகம் வந்தால் பவர் கொடுத்து மறுபடி சுற்றி வரலாம். கோ அரவுண்ட் செய்ததற்காக ஒருவரைக் குறைவாக மதிப்பது தவறு. தெரிந்தே மோசமான அப்ரோச்சை (ரன்வேயை நோக்கி இறங்கி வருவது) தொடர்வதற்குத்தான் மதிப்பெண் குறைய வேண்டும்.

அடுத்தது ஸ்பின், அதாவது விமானம் தூக்கல் இழந்து சுழன்றபடி கீழே விழுவது. மீள வேண்டிய படிகள் இவை. பவரைக் குறை, ஏலரானை (இறக்கை ஓரத்தில் அசையும் பலகை) நடுவில் வை, சுழலுக்கு எதிர்ப்பக்க ரடரை முழுதாக அழுத்து, ஸ்டிக்கை முன்னே கொண்டுபோ. விமானத்துக்கு விமானம் சிறு மாற்றம் இருக்கும். பலர் தவறுவது கடைசிப் படியில். சுழல் நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவர மறந்தால் விமானம் எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கும்.

வாந்தி பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேச வேண்டும். உள்காது ஒன்று சொல்ல, கண் இன்னொன்று சொல்ல, மூளை குழம்புவதுதான் காரணம். கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் சில சார்ட்டிகளில் பலருக்கும் வரும், பழகப் பழகப் பெரும்பாலோருக்குப் போய்விடும். வெறும் வயிற்றோடு போகக்கூடாது. எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லியோ வாழைப்பழமோ நல்லது. தலையை ஆட்டாமல் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டால் பாதி குறையும், ஏனென்றால் அடுத்த அசைவு என்னவென்று மூளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மறைக்கக் கூடாது, தானாக மாத்திரையும் போடக் கூடாது. வாந்தி மாத்திரை பெரும்பாலும் தூக்கம் வரவழைக்கும்.

பெற்றோரே, பார்சலில் சளி மாத்திரையும் இருமல் மருந்தும் அனுப்பாதீர்கள். அவற்றிலும் தூக்கம் தரும் மருந்து கலந்திருக்கக்கூடும். சளி பிடித்திருந்தால் மூக்குக்கும் காதுக்கும் நடுவே உள்ள குழாய் அடைத்துக்கொள்ளும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, செவிப்பறை உள்ளே இழுபட்டு உயிர்போகிற வலி வரும், கிழியவும் செய்யலாம். ஒரு சார்ட்டி போய்விடுமே என்று மறைத்தால் மூன்று வாரம் தரையில் உட்கார நேரும். விமானிகளைக் கவனிக்கும் மருத்துவரான ஃப்ளைட் சர்ஜனிடம் சொல்லிவிட்டு இரண்டு நாள் ஓய்வெடுப்பதே லாபம். சேருமுன்னே சொத்தைப் பல்லையும் அடைத்துவிடுங்கள். உயரத்தில் பல்வலி வந்தால் அது வேறு நரகம்.

அடுத்து ஜி விசை, அதாவது கூர்மையாகத் திரும்பும்போது உடல் எடை எத்தனை மடங்காகிறது என்பது. 4 ஜி-யில் 70 கிலோ உடல் 280 கிலோவாகக் கனக்கும். ரத்தம் காலுக்கு இறங்கும், முதலில் நிறம் மங்கும், பார்வை சுருங்கும், பிறகு நினைவே தப்பும். ஜி வருமுன்னே தொடையையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து, சுமார் மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று கொஞ்சம் விட்டு இழுக்க வேண்டும். ஜி வந்த பிறகு இறுக்கத் தொடங்குவதும் மூச்சை முழுசாக விட்டுவிடுவதும் வழக்கமான தவறுகள். முந்தின நாள் தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலும் தாங்கும் சக்தி குறையும். இது பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே உத்திதான். 2016 ஜூனில் இந்தியாவின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் தேறி வெளிவந்ததும் இதே துண்டிகலில்தான். மகளுக்கு ஆசை இருந்தால் கால் நீளம், உட்காரும் உயரம், கண் பார்வை ஆகியவற்றின் அளவுகளை அதிகாரப்பூர்வ அறிவிப்பில் பாருங்கள். உறவினர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

சார்ட்டி முடிந்ததும் டீப்ரீஃப். பயிற்றுநர் ஒவ்வொரு தவறையும் எடுத்துச் சொல்வார். அந்த நேரத்தில் விளக்கம் கொடுக்கத் தொடங்குபவர் கற்பதை நிறுத்திவிட்டார். அன்று இரவே மூன்று வரி எழுதி வைத்தால் போதும்: என்ன நடந்தது, கண் அப்போது எங்கே இருந்தது, நாளை எங்கே இருக்க வேண்டும். இப்படிக் கற்பிப்பவர்களைத் தயார்செய்யும் பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது என்பது சென்னைவாசிகள் பலருக்கே தெரியாது. விமானத்தை ஓட்டிக்கொண்டே, கை செய்வதை வாயால் அதே கணத்தில் சொல்லிக்கொண்டே வரும் கலைக்குப் பேட்டர் என்று பெயர். நல்ல விமானிக்கும் அது எளிதில் வராது. தனியாகப் பயின்றுதான் வர வேண்டும். அந்தப் பள்ளியைச் சுற்றி வாழும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இறைச்சிக் கழிவையும் குப்பையையும் திறந்த வெளியில் கொட்டாமல் இருப்பது. குப்பை இருக்கும் இடத்துக்குப் பருந்து வரும், அந்தப் பருந்து என்ஜினுக்கோ கண்ணாடிக்கோ வரும். விமானத்தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இப்படிக் கொட்டுவது சட்டப்படியே தடை.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குக் கற்கும் வேகம் கைகூடாது. கூடுதல் சார்ட்டி கொடுப்பார்கள், வேறு பயிற்றுநருடன் அனுப்பிப் பார்ப்பார்கள், கடைசியில் பறத்தலிலிருந்து நிறுத்துவார்கள். அது அவமானமே இல்லை. ஒரு சாதாரண மனிதனுக்குக் குறிப்பிட்ட மணிநேரத்துக்குள் இது வரவில்லை, அவ்வளவுதான். தரைப் பிரிவில் அதிகாரியாகத் தொடரும் வழியும் உண்டு. ஊருக்கு வரும்போது "ஏன் திரும்பி வந்துட்டே?" என்று கல்யாண வீட்டில் நிறுத்திக் கேட்கும் சொந்தக்காரர்கள்தான் இதை அவமானமாக்குகிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

தேறியவர்களிடமும் "ஃபைட்டர்தானே?" என்று கேட்டு, இல்லையென்றால் முகத்தைச் சுருக்காதீர்கள். முதல் கட்டத்துக்குப் பிறகு ஃபைட்டர் பிரிவினர் பீதருக்கு ஹாக் ஜெட் பயிற்சி விமானத்துக்கும், போக்குவரத்துப் பிரிவினர் யலஹங்காவுக்கும், ஹெலிகாப்டர் பிரிவினர் ஹக்கிம்பேட்டைக்கும் போவார்கள். மூன்றும் மூன்று தொழில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமங்கள் தண்ணீரில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தபோது, மேலே வந்து நின்று சாப்பாட்டுப் பொட்டலம் இறக்கியவை ஹெலிகாப்டர்கள்தான்.