கண்ட கண்ட மணியை அயர்ன் பண்ணாதீங்க

அக்கா, மணியை உருவமா அடுக்கி அயர்ன் சூட்டுல ஒட்ட வைக்கிற கைவேலையைப் பத்தி எழுதினதுல, "புதுச்சேரி ஞாயிறு சந்தையில கிடைக்கிற எந்த பிளாஸ்டிக் மணியா இருந்தாலும் அயர்ன் பண்ணா ஒட்டிக்கும்"னு சொல்லியிருக்கீங்க. அது சரியில்லைங்க. மாலை கோக்கிற அக்ரிலிக் மணி அந்தச் சூட்டுல ஒழுங்கா ஒட்டாது, கண்ணாடிப் பாசி உருகவே உருகாது. என் பொண்ணு சந்தை மணியில ஒரு மயில் அடுக்கி, தூக்கினதும் அத்தனையும் தரையில சிதறி அழுதா. அதனாலதான் எழுதறேன்.

இதுக்குன்னே வர்ற மணி, ஸ்ட்ராவைத் துண்டு துண்டா நறுக்கின மாதிரி குட்டிக் குழாயா இருக்கும். டென்மார்க்கோட ஹாமா, அமெரிக்காவோட பெர்லர்னு வர்ற பிராண்டு எல்லாம் இந்த வகை. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு 5 மி.மீ. போதும். 2.5 மி.மீ. மினி சின்னப் பிள்ளைங்க விரலுக்கு அடங்காது.

இன்னொண்ணு, ஸ்டீம் வேண்டவே வேண்டாம். ஓவன்ல வைக்கிற பார்ச்மென்ட் காகிதத்தை மேல போட்டு, மிதமான சூட்டுல அழுத்தாம வட்டமா தேய்ங்க. மணியோட ஓட்டை கொஞ்சம் சுருங்கி, பக்கத்து மணியோட ஓரம் சேர்ந்ததும் நிறுத்திடணும். ஆறுற வரைக்கும் மேல கனமான புத்தகம் வைங்க, இல்லேன்னா வளைஞ்சிடும். அயர்ன் பாக்ஸ் பெரியவங்க கையிலயே இருக்கட்டும்.