ஆற்றைத் தாண்டிய பியரும் எங்க ஊர்க் கள்ளும்

என் சித்தி மகள் இங்கிலாந்தில், நியூகாசில் நகரத்தில் நர்ஸ். போன வாரம் போனில் பேசும்போது, அவள் வார்டில் இருந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாள். பியர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். உனக்கு எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். பாலக்காட்டுப் பக்கம், தென்னந்தோப்பும் கள்ளுமா இருக்கும் ஊர் என்று இவள் சொல்லியிருக்கிறாள். "கள்ளு உங்க ஊர்லயேதான் இறக்கறாங்களா?" என்றாராம். ஆமாம் என்றதும், "எங்க பியரைக் கொண்டுபோயிட்டாங்கம்மா" என்றவர் அதற்கு மேல் பேசவில்லையாம்.

அவர் சொன்னது நியூகாசில் பிரவுன் ஏல். 1927-இல் அந்த ஊரில் பிறந்த பியர். பாட்டிலில் இருக்கும் நீல நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும், அந்த ஊரில் ஒன்றாகச் சேர்ந்த ஐந்து பழைய ஆலைகளைக் குறிப்பவை. தொண்ணூறுகளில் ஊர்க் கால்பந்து அணியின் சட்டையிலேயே அந்த நட்சத்திரம் இருந்தது. 2000-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. நியூகாசில் நகருக்குள் காய்ச்சினால்தான் அந்தப் பெயர் போடலாம் என்பது விதி.

2005-இல் ஊருக்குள் இருந்த ஆலையை மூடி, டைன் ஆற்றுக்கு அக்கரையில் கேட்ஸ்ஹெட் பக்கம் கொண்டுபோனார்கள். ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும் இடம்தான். ஆனால் சட்டக் கணக்கில் அது வேறு ஊர். அப்போது கம்பெனி செய்த காரியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆடிப்பாடி வாங்கிய அந்தப் பாதுகாப்பை ரத்து செய்யுங்கள் என்று அதே கம்பெனியே விண்ணப்பம் போட்டது. 2007-இல் ரத்தும் ஆனது. 2010-இல் அக்கரையிலிருந்தும் கிளம்பி, தெற்கே யார்க்‌ஷயரில் இருக்கும் டாட்காஸ்டருக்குப் போய்விட்டது. நட்சத்திரமும் பெயரும் மட்டும் அப்படியே பாட்டிலில் இருந்தன.

ஆலை இடம் மாறுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நகரத்துக்கு நடுவில் இருக்கும் பழைய ஆலையின் மனைக்கு விலை ஏறிக்கிடக்கும். ஒரே பெரிய ஆலையில் பத்து பிராண்டைக் காய்ச்சினால் செலவு குறையும். நம் நாட்டில் வேறு காரணமும் உண்டு. மது மாநில அதிகாரத்தில் இருப்பதால், எல்லை தாண்டி வரும் சரக்குக்குத் தனித் தீர்வை. அதனால் பெரிய பிராண்டுகள் மாநிலத்துக்கு மாநிலம் ஆலை வைத்தோ, அடுத்தவர் ஆலையில் காய்ச்சி வாங்கியோதான் விற்கின்றன. இதெல்லாம் வியாபாரம், புரிகிறது. போகிறவர்கள் ஊரின் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அமெரிக்காவில் லாட்ரோப் என்று ஒரு சின்ன ஊர், பென்சில்வேனியாவில். ரோலிங் ராக் பியர் அந்த ஊருடையது. லாட்ரோப்பின் கண்ணாடிப் பூச்சுத் தொட்டிகளிலிருந்து வருகிறது என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும். 2006-இல் பிராண்டை வேறு கம்பெனி வாங்கி, காய்ச்சுவதை நியூஜெர்சிக்கு மாற்றியது. வாசகத்தை எடுத்தார்களா? இல்லை. பழைய உறுதிமொழியை மரியாதைக்காக மேற்கோள் காட்டுகிறோம் என்று மேலே ஒரு வரியைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலம் கழித்து, அமெரிக்காவில் விற்கும் ஜமைக்காவின் ரெட் ஸ்ட்ரைப் பியரை 2012 முதல் அமெரிக்காவிலேயே காய்ச்சினார்கள். அப்படிக் காய்ச்சிய இடங்களில் ஒன்று இதே லாட்ரோப் ஆலை. சொந்தப் பியரைப் பறிகொடுத்த ஊரில், இன்னொரு ஊரின் பெயர் போட்ட பியர்! காய்ச்சிய இடம் லேபிளில் பொடி எழுத்தில் இருந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. ஆனாலும் 2016-இல் காய்ச்சுவதை ஜமைக்காவுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். மனசு வைத்தால் திரும்பி வர முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கே காய்ச்சினாலும் ருசி ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பியரில் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊரின் பியருக்குப் பெயர் வந்ததே அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஜிப்சத்தால்தான். இன்று எந்த ஊர்த் தண்ணீரிலும் அந்த உப்பைச் சேர்த்து பர்ட்டன் தண்ணீராக்கிவிடலாம். ஈஸ்ட்டையும் குழாயில் போட்டு எங்கேயும் கொண்டுபோகலாம். சரி, ருசி மாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இடம் முக்கியமில்லை என்றால் இடத்தின் பெயரை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? ஜெர்மனியில் கொலோன் நகரத்திலும் அதன் சுற்றுப்பக்கத்திலும் இருந்த ஆலைகள் 24 சேர்ந்து 1986-இல் ஒப்பந்தம் போட்டு, கோல்ஷ் என்ற பியரின் பெயரைத் தங்கள் ஊரோடு கட்டிவைத்தன. அந்தக் கட்டு இன்றைக்கும் நிற்கிறது.

இனி எங்க ஊர்க் கதை. நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. இங்கே பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேலந்தாவளம், கோபாலபுரம் ஷாப்புகளுக்கு அங்கிருந்து ஆள் வரும். அது கொஞ்சம்தான். எங்க தோப்புக் கள்ளில் பெரும்பகுதி வண்டியேறித் தெற்கே போகிறது. திருச்சூர், எர்ணாகுளம், அதற்கும் அப்பால். கேரளத்தின் கள்ளுஷாப்புகள் பலவும் ஓடுவது சித்தூர்க் கள்ளை வைத்துத்தான்.

என் தாய்மாமா முப்பது வருஷம் மரம் ஏறியவர். சின்ன வயதில் அவருக்குப் பின்னால் தோப்பெல்லாம் சுற்றியிருக்கிறேன். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, எலும்பால் தட்டுவார். டக், டக், டக் என்று ஒரே சீராகக் கேட்கும். நாள் கணக்கில் தட்டித் தட்டி இளக்கிய பிறகுதான் பாளை சுரக்கும். "நோவாம தட்டோணும் கண்ணு. வேகமாத் தட்டுனா பாளை செத்துப்போகும்" என்பார். காலையும் சாயங்காலமும் ஏறி, நுனியைத் தாள் கனத்துக்குச் சீவுவார். அதற்கு மேல் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், குறைத்தால் சொட்டாது. முட்டியில் விழுந்தவுடனே தெளுவு (பதநீர்) போல இனிக்கும், மத்தியானத்துக்குள் பொங்கி நுரைக்கும், மறுநாள் புளிக்கும். மரத்தில் எக்ஸைஸ் நம்பர் எழுதியிருக்கும். எந்த மரம், எந்தத் தோப்பு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

மாமா இப்போது ஏறுவதில்லை, முழங்கால் போய்விட்டது. ரெண்டு வருஷம் முன்னால் எர்ணாகுளத்தில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஒரு கள்ளுஷாப்பில் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டே, கள்ளு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். "இவிடுத்தது தன்னெ, நாடன்" என்றார் பரிமாறியவர், இந்த ஊர்க் கள்ளுதான் என்று. வெளியே வந்தால் பின்பக்கம் கேன் இறக்கிக்கொண்டிருந்த வண்டியின் நம்பர் கே.எல். 70. அது எங்க சித்தூர் நம்பர். டிரைவரிடம் தமிழில் பேசினேன், எருத்தேம்பதிக்காரர். ராத்திரி கிளம்பி வந்ததாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேனில் இருந்தது யாரோ ஒருவர் நோகாமல் தட்டி இறக்கிய கள்ளு. அதை ஊர் பேர் இல்லாததாக ஆக்கிவிட்டார்களே என்று இருந்தது.

நியூகாசிலில் பொருள் போய்விட்டது, பெயர் நிற்கிறது. எங்களிடமிருந்து பொருள் போகிறது, பெயர் கூடப் போவதில்லை. ரெண்டிலும் குடிப்பவருக்கு உண்மை சொல்லப்படவில்லை, உழைத்த ஊருக்கு மரியாதையும் இல்லை.

இந்த நோவு இடுக்கி மாவட்டத்து மறையூர்க்காரர்களுக்கும் தெரியும். அவர்களும் நம்மைப் போல எல்லைத் தமிழர்கள்தான். மறையூர், காந்தளூரில் காய்ச்சும் உருண்டை வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும், வெளியே காய்ச்சிய மலிவு வெல்லம் மறையூர் வெல்லம் என்ற பெயரில் சந்தையில் ஓடுகிறது. குறியீடு வாங்கினால் மட்டும் போதாது, கடையில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

எங்கள் பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளியில் மது ஆலைக்கு 2025 ஜனவரியில் மாநில மந்திரிசபை அனுமதி கொடுத்ததிலிருந்து இங்கே பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். அந்தப் பயம் நியாயமானது. எங்கள் கிழக்குப் பஞ்சாயத்துகள் மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீருக்கே வருஷா வருஷம் காத்துக்கிடக்கிறோம். பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை 2000-இல் வந்து 2004-இல் மூடுவதற்குள் கிணறுகள் என்ன ஆயின என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். தண்ணீர் எங்களுடையது, பாட்டிலில் பெயர் வேறெந்த ஊருடையதோ என்ற நிலைமை இன்னொரு முறை வரக்கூடாது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பிராண்டின் பெயரில் ஊர் இருந்தால், காய்ச்சிய ஊரையும் அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில் போடட்டும். கள்ளுஷாப்பு போர்டில் இன்றைய கள் எந்தத் தாலுகாவிலிருந்து வந்தது என்று எழுதட்டும். வண்டியின் பெர்மிட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு சாக்பீஸ் போதும்.

அடுத்த கிராமசபையில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "தாலுகா மட்டும் போதாது, தோப்பு பேரும் எழுதச் சொல்லு" என்றார். சேர்த்துவிட்டேன். சித்தூர், பெருமாட்டி, வடகரப்பதி, எருத்தேம்பதிக்காரர்கள் யாராவது உங்கள் பஞ்சாயத்திலும் கொடுப்பதாக இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், மனுவை அனுப்பி வைக்கிறேன்.