பஸ்பிரோன் அரை மணியில் கேட்குமா?

"கடலுக்குப் போகுமுன் ஒரு பஸ்பிரோன் (பதற்றத்துக்கான மாத்திரை) போட்டால் அரை மணியில் பதற்றம் அடங்கும்" என்று பாம்பன், தொண்டி பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு.

தினமும் போட்டால் 2 முதல் 4 வாரத்தில்தான் பலன் தெரியும். பத்தாம் நாளே "கேட்கவில்லை" என்று விடுவதுதான் வழக்கமான பிழை. மருத்துவர் 5 மி.கி. 2 அல்லது 3 வேளை எனத் தொடங்கி, 2–3 நாளுக்கொருமுறை கூட்டுவார். பலருக்கு நாளுக்கு 15–30 மி.கி. போதும். சாப்பிட்டபின் என்றால் எப்போதும் சாப்பிட்டபின்தான். மாற்றி மாற்றிப் போட்டால் ரத்தத்தில் அளவு ஏறி இறங்கும்.

ஆரம்பத்தில் தலைசுற்றும். வள்ளத்தின் அணியத்தில் நின்று வலை இழுக்க வேண்டாம், சாராயமும் கூடாது.

இதைவிட ஆபத்து வேறு: நெடுநாள் அல்பிரசோலம் (பதற்றத்துக்கான வேறொரு மாத்திரை) போட்டவர் அதைச் சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். பஸ்பிரோன் அதைத் தடுக்காது. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.