கே.பி.யின் புரட்சிப் பெண்களும் மாதக் கடைசியும்

இயக்குநர் கே. பாலசந்தருக்கு (கே.பி.) ஜூலை 9 பிறந்தநாள், டிசம்பர் 23 நினைவுநாள். வருஷத்தில் இந்த இரண்டு நாளும் டைம்லைனில் ஒரே வாசகம்தான் ஓடும்: பாலசந்தர் மாதிரி துணிச்சலான பெண்களைத் தமிழ் சினிமாவில் யாரும் படைக்கவில்லை. கூடவே பிரமிளா, சுஜாதா, ஸ்ரீவித்யா, சுஹாசினி என்று நான்கு ஸ்டில். லைக் அள்ளும். இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் படங்களின் கடைசி அரை மணி நேரத்தை மறந்துவிட்டார்கள் என்பது என் சந்தேகம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கே.பி. பெரிய இயக்குநர், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறோமோ, அந்த 'புரட்சிப் பெண்' படங்கள் அவ்வளவு தாங்காது. அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை 'காமெடிப் படம்', 'பழைய கறுப்பு வெள்ளை' என்று ஓரங்கட்டி வைத்திருக்கிறோம்.

'அரங்கேற்றம்' (1973). பெற்றுக்கொண்டே போகும் ஒரு வைதீகக் குடும்பம். மூத்த மகள் லலிதா உடம்பை விற்று வீட்டைக் காப்பாற்றுகிறாள். அந்தக் காலத்தில் இதைப் படமாக எடுக்க நெஞ்சுரம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் அவளுக்கு என்ன ஆகிறது? பைத்தியம் பிடிக்கிறது. 'அபூர்வ ராகங்கள்' (1975): வயதில் மூத்தவளை ஒரு இளைஞன் காதலிக்கிறான், அவனுடைய அப்பாவை அவளுடைய மகள் விரும்புகிறாள். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் போடும் உறவுமுறைப் புதிரை வைத்து அட்டகாசமாக முடிச்சுப் போடுகிறார். முடிச்சு இறுகுகிற நேரத்தில், ஓடிப்போன புருஷன் நோயாளியாகத் திரும்பி வந்து செத்துப்போகிறான். மகள் அம்மாவோடு, மகன் அப்பாவோடு. புதிர் போட்டவரே விடைத்தாளைக் கிழித்துவிட்டார்.

'சிந்து பைரவி' (1985) என்னை அதிகம் உறுத்துகிற படம். ஏனென்றால் அதன் முன்பாதி அவ்வளவு நன்றாக இருக்கும். பெரிய சங்கீத வித்வான் ஜே.கே.பி.யை, கச்சேரி மேடையிலேயே சிந்து (சுஹாசினி) என்கிற பெண் கேள்வி கேட்கிறாள்: தமிழில் ஏன் பாடக்கூடாது? அவர் சவால் விடுகிறார். அவள் ஒரு நாட்டுப்புற மெட்டில் ஆரம்பித்து, அப்படியே கீர்த்தனையில் கொண்டுபோய் இறக்குகிறாள். அந்தப் பாட்டுக்காகச் சித்ராவுக்குத் தேசிய விருது, படத்துக்காக இளையராஜாவுக்கும் சுஹாசினிக்கும். அரங்கம் மெல்ல அவள் பக்கம் சாய்வதையும், ஜே.கே.பி.யாக நடித்த சிவகுமாரின் முகத்தில் கர்வம் கரைந்து வியப்பு ஏறுவதையும் கே.பி. அவசரமே இல்லாமல் காட்டுவார். இப்படி ஒரு அறிமுகம் எத்தனை தமிழ்க் கதாநாயகிகளுக்குக் கிடைத்திருக்கிறது?

அப்பேர்ப்பட்டவளுக்குப் படம் கடைசியில் ஒதுக்குகிற வேலை, பிள்ளை பெற்று, ஜே.கே.பி.யின் பிள்ளையில்லாத மனைவி பைரவியின் கையில் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போவது. போதாக்குறைக்கு அவள் பைரவிக்கு ஒருவகையில் சகோதரி என்றும் ஆகிவிடுகிறது. ஆக, தவறு செய்தவளும் வீட்டுப் பெண்தான், கொடுத்த பிள்ளையும் வீட்டுப் பிள்ளைதான். ஜே.கே.பி. என்ன இழந்தார்? கொஞ்ச நாள் குடித்தார், அவமானப்பட்டார், பிறகு மேடையும் மனைவியும் குழந்தையும் பத்திரம். பாட்டு தெரியவில்லை என்று படம் முழுக்க இடிபட்ட பைரவிக்கு, அவள் பட்ட அவமானத்துக்குச் சம்பளமாக ஒரு குழந்தை. பதினோரு வருஷம் கழித்து 'கல்கி' (1996) வந்தபோதும் பிள்ளை பெற்றுக் கைமாற்றும் சங்கதி திரும்ப வந்தது. இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பெண் வாசலைத் தாண்டுகிற வரை அவருக்கு உற்சாகம். தாண்டிய பிறகு அவளை என்ன செய்வதென்று தெரியாமல் பைத்தியமாக்குவார், தியாகியாக்குவார், இல்லை வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார். குடும்பம் என்கிற கட்டடத்தில் ஒரு செங்கல்கூட நகராது.

'அவள் ஒரு தொடர்கதை' (1974) பற்றிப் பேசும்போதெல்லாம் ரித்விக் கட்டக்கின் வங்காளப் படமான 'மேகே டாக்கா தாரா' (1960) பேச்சு வரும். அங்கிருந்து எவ்வளவு எடுத்தார் என்கிற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம். எனக்கு முடிவுதான் முக்கியம். குடும்பத்தைச் சுமந்து சுமந்து நோயில் விழுந்த நீதா, மலை ஊர் சானடோரியத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டு, நான் வாழத்தானே ஆசைப்பட்டேன் என்று கதறுவாள். அந்தக் கதறல் மலையெல்லாம் எதிரொலிக்கும். பார்க்கிறவன் தன் வீட்டு நீதாவை நினைத்துக் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பான். 'தொடர்கதை'யில் வீட்டைச் சுமக்கும் நம் கவிதாவுக்கு (சுஜாதா) அந்தக் கதறல் கிடைக்கவில்லை. மாப்பிள்ளையைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறாள், அண்ணன் சாகிறான், மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். பார்க்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'என்ன பெண்ணய்யா!' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கட்டக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற அதே ஆளுக்கு கே.பி. கைதட்டச் சந்தர்ப்பம் தருகிறார்.

'அவர்கள்' (1977) மட்டும் கொஞ்சம் விலக்கு. கொடுமைக்காரக் கணவன், பழைய காதலன், பொம்மையைப் பேசவைக்கும் அப்பாவி ஜானி, மூன்று பேரில் யாரும் வேண்டாம் என்று அனு ரயிலேறுகிறாள். துணைக்கு வருவது மாமியார்! லீலாவதியின் அந்தப் பாத்திரம் ஒன்றுக்காகவே அந்தப் படத்துக்கு என் ஓட்டு. அங்கேயும் மூன்று ஆண்களும் இருந்த இடத்தில் இருக்க, போவது அவள்தான்.

'அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடியும்' என்று கமெண்டில் வரப்போகிறது. பாதி சரி. அடுத்த வருஷமே ருத்ரய்யா 'அவள் அப்படித்தான்' (1978) எடுத்தார். கே.பி. பட்டறையில் வளர்ந்த அதே கமல், அதே ரஜினி. நாயகி மஞ்சுவை யாரும் தியாகியாக்கவில்லை, அழகான பதிலும் கொடுக்கவில்லை, காரிலிருந்து இறக்கி நடுரோட்டில் விட்டார்கள். படம் ஓடவில்லை. அதனால் கே.பி. போட்ட கணக்கு வியாபாரத்தில் சரியான கணக்கு, அதை மறுக்கவில்லை. சரியான வியாபாரக் கணக்குக்குப் புரட்சி என்று பெயர் வைப்பதுதான் என் வழக்கு.

'டைரக்டர் டச்' (இயக்குநர் தன் முத்திரையைப் பதிக்கும் இடம்) சமாச்சாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினி முதன்முதலாகத் திரையில் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார். 'சுருதி பேதம்' என்று எழுத்து விழுகிறது. அந்தக் கசங்கிய கோட்டும் தாடியும், கேட்டைத் தள்ளுகிற விதமும் சொல்லாததையா இரண்டு வார்த்தை சொல்லிவிடப் போகிறது? நடிகனையும் நம்பவில்லை, பார்க்கிறவனையும் நம்பவில்லை. புகழ்பெற்ற டச்சுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான்.

ரஜினி, கமல், சரிதா, பிரகாஷ்ராஜ், 'ரோஜா' படத்தைத் தயாரித்த வகையில் ஏ.ஆர். ரஹ்மான் என்று அவர் கொண்டுவந்தவர்கள் பட்டியலைப் போடுவார்கள். ஆள் பார்க்கும் கண் என்பது பெரிய விஷயம். படத்தின் மதிப்பெண்ணோடு அதைக் கூட்டக் கூடாது, அவ்வளவே.

சரி, எங்கேதான் அவர் பெரிய ஆள்? நன்னிலத்துக்காரர், சென்னையில் ஏ.ஜி. ஆபீஸில் (அரசுக் கணக்கு அலுவலகம்) உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். மாதச் சம்பளக் குடும்பத்தை உள்ளும் புறமும் அறிந்தவர். முதல் தேதியின் தெம்பும் இருபதாம் தேதியின் மூஞ்சியும் அவருக்கு அத்துப்படி. பணம் போதாத வீட்டில் மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள், எதை மறைப்பார்கள், எப்போது பொய் சொல்வார்கள் என்பதில் தமிழ் சினிமாவில் அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

'பாமா விஜயம்' (1967) பாருங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறாள். அவள் முன்னால் கௌரவமாகத் தெரிய வேண்டும் என்று மூன்று மருமகள்களும் கணவன்மார்களின் வரவை மீறிச் செலவழிக்க, மாமனார் பாலையா நடுவில் நின்று வேடிக்கை பார்ப்பார். வசனம் மூச்சு விடாது. ஒருவர் வாசலில் போக, இன்னொருவர் கொல்லையில் வர, நாடக மேடையில் கற்ற நேரக்கணக்கு அப்படியே வேலை செய்யும். சீரியஸ் படங்களில் எந்த நாடகத்தனம் நெஞ்சை அடைக்கிறதோ, அதுவே இங்கே எந்திரத்துக்கு எண்ணெய்.

'எதிர்நீச்சல்' (1968) அதற்கும் மேலே. ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த ஒரு வீடு, மாடிப்படிக்கு அடியில் அநாதை மாது (நாகேஷ்). ஆளுக்கொரு வேலை ஏவுவார்கள், மிச்சம் மீதியைப் போடுவார்கள், அவன் அதற்கு நடுவில் படிப்பான். அந்த வீட்டில் இருமல் தாத்தா என்று ஒருவர் உண்டு. அவரைத் திரையில் பார்க்கவே முடியாது, இருமல் மட்டும் கேட்கும். கதவு மூடியிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரனின் உடம்பு நம் காதுக்குள் இருக்கும் என்பதுதானே ஒண்டுக்குடித்தனம்? எழுத்தும் போடவில்லை, பொம்மையும் வைக்கவில்லை. ஒரு சத்தத்தில் முடித்துவிட்டார். இதுவல்லவா டச்! நாகேஷ் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பார், ஆனால் அவர் சோற்றுக்கு முன் உட்காரும்போது நமக்குச் சிரிப்பு வராது.

'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) டெல்லியில் நடந்தாலும் இதே பூமிதான். வேலையில்லாத மூன்று பேர், வீட்டில் ஒன்றுமில்லை என்பது தேவிக்குத் தெரியக்கூடாது என்று, சாப்பிடுவது போல நடிப்பார்கள். குழம்பு பிரமாதம் என்கிற பாவனையில் விருந்து நடக்கிறது, தட்டு காலி. அந்தப் படத்தில் பாரதியார் கவிதைகளைக் கமல் முழங்குகிற இடங்களைத்தான் எல்லோரும் ரீல்ஸ் போடுகிறார்கள். எனக்கு அந்தக் காலித் தட்டு போதும். முடிவும் நன்றாகவே இருக்கும்: படித்தவன் சவரக்கத்தி பிடிக்கிறான், பிழைக்கிறான்.

'தில்லு முல்லு' (1981) 'கோல்மால்' என்கிற இந்திப் படத்தின் ரீமேக்தான். ஆனால் வேலை கிடைக்க ஒரு பொய், பொய்யைக் காப்பாற்ற ஒரு மீசை என்று போகும் கதை அவருடைய சொந்த வயலில் விளைந்தது போலவே இருக்கும். விசுவின் வசனத்துக்கும் தேங்காய் சீனிவாசனுக்கும் அதில் பெரும் பங்கு.

அதே 1981இல் 'தண்ணீர் தண்ணீர்'. கோமல் சுவாமிநாதனின் நாடகம். இங்கே பற்றாக்குறை ரூபாயில் இல்லை, குடத்தில். அத்திப்பட்டி என்கிற கிராமம் மனு கொடுக்கிறது, தேர்தலைப் புறக்கணிக்கிறது, தானே கால்வாய் வெட்டப் போகிறது, அரசாங்கம் தடுக்கிறது. சரிதாவின் செவந்தி யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்துத் தெய்வமாகவில்லை; அவளுக்குத் தேவை தண்ணீர், கணவனோ போலீஸ்காரன். அவளுடைய கோபத்தைச் சமாதானப்படுத்த முடிவில் எந்த ஏற்பாடும் இல்லை. அவர் படங்களிலேயே உண்மையில் அடங்காத பெண் இவள்தான் என்பேன். ஆனால் புரட்சிப் பெண்கள் ஸ்டில் போடுகிறவர்கள் யாரும் செவந்தியைப் போடுவதில்லை. புழுதியும் வேர்வையுமாக இருக்கிறாள், போஸ்டருக்கு எடுக்காது போலிருக்கிறது.

'அவள் ஒரு தொடர்கதை'யிலும் எனக்குப் பிடித்தது கவிதாவின் சம்பளத்தை வீடே சுற்றி நின்று பங்கு போடுகிற பகுதிதான். அண்ணன் கை நீட்டும்போது சுஜாதாவின் உதடு இறுகுமே, அது கே.பி. தன் ஆபீஸ் நாட்களில் பார்த்த முகமாக இருக்க வேண்டும். தியாகம் வந்து அந்த முகத்தை மூடிவிடுகிறது.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: 'எதிர்நீச்சல்', 'தண்ணீர் தண்ணீர்', 'பாமா விஜயம்', 'வறுமையின் நிறம் சிவப்பு', 'அவர்கள்'. 'சிந்து பைரவி' இடைவேளை வரை. 'அரங்கேற்றம்' வரலாற்றுக்காக ஒரு முறை. 'இரு கோடுகள்' (1969) பற்றி அடிதடி நடத்த விரும்புகிறவர்கள் வரலாம். சௌகார் ஜானகி கலெக்டராக வந்து உட்காரும் அந்த ஆபீஸ் காட்சிகளுக்காக நான் உங்கள் கட்சியிலேயே சேர்ந்துவிடவும் வாய்ப்பு உண்டு. 'மன்மத லீலை'க்கு மட்டும் வக்காலத்து வாங்கிக்கொண்டு யாரும் வராதீர்கள், அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.